பச்சையான நீச்சல் குளத்தைத் தெளிய வைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தொடங்கி மாமல்லபுரம் வரை உள்ள பண்ணை வீடுகளில் பூல் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பொங்கல் விடுமுறைக்கு வீட்டைத் திறந்து, கொல்லைப்பக்கம் போய் நின்றால்தான் தெரிகிறது, பூல் இருந்த இடத்தில் ஒரு குட்டை இருப்பது. தை பிறந்தால் மற்றவர்களுக்கு வழி பிறக்கும், எனக்குப் போன் வரும்.

எல்லோரும் கேட்பது ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் 40,000 லிட்டர் பூல் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்; உங்களுடையது 80,000 என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

1. "போன வாரம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு சார். திடீர்னு எப்படிப் பச்சையாச்சு?"

திடீரென்று ஆகவில்லை. பாசியின் வித்து காற்றிலும் மழையிலும் எந்நேரமும் பூலுக்குள் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கிறது. தண்ணீரில் குளோரின் இருக்கும் வரை அது வளராமல் செத்துப்போகும். பம்ப் நாலு நாள் ஓடவில்லை, மழைத் தண்ணீர் சேர்ந்து குளோரின் நீர்த்தது, மிச்சமிருந்ததை உதிர்ந்த வேப்பிலையும் வெயிலும் தின்றுவிட்டன என்றால் அப்புறம் தடுக்க ஆளில்லை. நம் ஊர் வெதுவெதுப்பில் இரண்டு மூன்று நாளே போதும்.

கண்ணுக்குப் பச்சை தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும். படிக்கட்டின் உள் மூலையில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தடவிப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி வழவழப்பு ஒட்டினால் பாசி குடிவந்தாயிற்று. அன்றைக்கே குளோரின் ஏற்றினால் இந்தப் பக்கத்தின் மீதியைப் படிக்க வேண்டியிருக்காது.

2. "பேசாம மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டுப் புதுசா விட்டா முடிஞ்சிடாதா?"

மழைக்காலம் முடிந்த கையோடு இதை மட்டும் செய்துவிடாதீர்கள். கடலோர மணலில் நிலத்தடி நீர் அப்போது நாலைந்து அடியிலேயே நிற்கும். பூலுக்குள் இருக்கும் தண்ணீரின் கனம்தான் தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால் கீழிருந்து வரும் அழுத்தம் தொட்டியைத் தூக்கும். ஃபைபர் கிளாஸ் தொட்டி என்றால் படகு மாதிரி மேலே வரும். கான்கிரீட் என்றால் தரை விரிசல் விடும். நெம்மேலிப் பக்கம் ஒரு வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக இறைத்துவிட்டு, காலையில் தொட்டியின் ஒரு முனை முழங்கால் உயரம் எழும்பி நிற்பதைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். பாசிக்கு ஆகியிருக்கும் செலவைப் போல எத்தனையோ மடங்கு அந்த வேலைக்கு ஆனது.

இறைத்தாலும் சுவரில் ஒட்டியிருக்கும் பாசி அங்கேயேதான் இருக்கும். புதுத் தண்ணீர் நிரப்ப எட்டுப் பத்து லாரி வேண்டும். பச்சைத் தண்ணீரையே தெளிய வைப்பது பெரும்பாலும் மலிவு. தண்ணீரை மாற்றியே தீர வேண்டிய நிலைமை ஒன்று உண்டு; அதை 13-வது கேள்வியில் சொல்கிறேன்.

3. "எங்க பூல்ல எத்தனை லிட்டர் பிடிக்கும்னே தெரியாதே?"

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, ஆயிரத்தால் பெருக்குங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு பக்கம் 0.9 மீட்டர், மறுபக்கம் 1.6 மீட்டர் ஆழம் என்றால் சராசரி 1.25. ஆக 40,000 லிட்டர். அடியில் அளந்தால் மூன்றையும் பெருக்கி 28.3-ஆல் பெருக்க வேண்டும்.

கட்டியவர் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம். அவர் விளிம்பு வரை அளந்து சொல்லியிருப்பார்; தண்ணீர் அரை அடி கீழேதான் நிற்கும்.

4. "மருந்து வாங்கறதுக்கு முன்னாடி வேற ஏதாவது வாங்கணுமா?"

டெஸ்ட் கிட். இது இல்லாமல் மருந்து ஊற்றுவது கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவது மாதிரி. கடையில் மலிவாகக் கிடைப்பது மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்து. அது வேலை செய்யும் குளோரின், செய்து முடித்துச் சக்கையான குளோரின் இரண்டையும் சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட் இரண்டையும் பிரித்துக் காட்டும். கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

பார்க்க வேண்டியது மூன்று: பிஎச் (தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் எண்), வேலை செய்யும் குளோரின், சயனூரிக் ஆசிட். நன்றாக இருக்கும் பூலில் பிஎச் 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம், சயனூரிக் ஆசிட் 30 முதல் 50 பிபிஎம். ஒரு பிபிஎம் என்பது ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம். அந்த மூன்றாவது பெயரைக் கேட்டதும் பலரும் முழிப்பார்கள். அது குளோரினுக்குக் குடை. வெயிலில் குளோரின் அழிவதைத் தடுக்கும். ஆனால் குடை பெரிதானால் குளோரினின் கையையும் கட்டிப்போட்டுவிடும்.

5. "கடைக்காரர் நாலு வகை குளோரின் காட்டறார். எதை வாங்கறது?"

பச்சையை எடுப்பதற்கு என் கை முதலில் போவது லிக்விட் குளோரினுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். கேனில் வரும், புதிதாக இருக்கும்போது 10 சதவீதம் குளோரின் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் குளோரினையும் கொஞ்சம் உப்பையும் தவிர வேறு எதையும் விட்டுவைக்காது. அதன் குறை, வெயிலிலும் சூட்டிலும் வீரியம் போய்விடும். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த கேனை மலிவு என்று வாங்கி வந்தால் பாதி வெறும் தண்ணீர்தான். அடுத்தது கால்சியம் ஹைப்போகுளோரைட், வெள்ளைக் குருணை, 65 முதல் 70 சதவீதம். வீரியம் நிற்கும், தூக்கிவரச் சுலபம். ஆனால் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டும். போர் தண்ணீரே உப்புப் பூத்துக் கிடக்கும் ஊரில் அதை யோசித்துத்தான் போட வேண்டும்.

டிசிசிஏ மாத்திரை 90 சதவீதம் குளோரின், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் பாதிக்கு மேல் எடை சயனூரிக் ஆசிட். 40,000 லிட்டரில் ஒரு கிலோ கரைந்தால் அந்தக் குடை ஏறத்தாழ 14 பிபிஎம் பெரிதாகும். எஸ்டிஐசி குருணையும் அதே குடும்பம். தெளிந்த பூலை அப்படியே வைத்திருக்க மாத்திரை சரி. பச்சையை விரட்ட வேண்டாம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போவும் ஒன்றோடொன்று தொடவே கூடாது. வேலைக்கு வந்த புதிதில் இரண்டுக்கும் ஒரே பிளாஸ்டிக் மக்கை வைத்திருந்தேன். ஈரமாக இருந்த மக்கில் அடியில் நாலு குருணை ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே மற்றதை அள்ளியதும் "உஸ்" என்றது. தூக்கி எறிந்தேன். புல்லில் கிடந்தபடி மஞ்சள் புகை விட்டு மக்கு உருகிப்போனது. மூடிய வாளிக்குள் நடந்திருந்தால் வெடித்திருக்கும். மக்கு வேறு, வாளி வேறு, முடிந்தால் அலமாரியும் வேறு. ஆசிடையும் எந்தக் குளோரினோடும் கலக்காதீர்கள், வருவது விஷவாயு. மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

6. "பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போடற பிளீச்சிங் பவுடரையே அள்ளிப் போட்டா?"

கொல்லும். ஆனால் அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு. அப்படியே தூவினால் தரையெல்லாம் வெள்ளைச் சேறு படிந்து, ஃபில்டர் மணலும் கட்டி தட்டிவிடும். வேறு வழியே இல்லையென்றால் வாளியில் கரைத்து, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பழைய மூட்டையில் குளோரின் அனேகமாக இருக்காது. மூட்டையைத் திறந்ததும் மூக்கில் ஏறவில்லை என்றால் அது கோலத்துக்குத்தான் ஆகும்.

7. "சரி, வரிசையாச் சொல்லுங்க. இன்னிக்கு சாயங்காலம் எதுல ஆரம்பிக்கணும்?"

வலையில். அடியில் கிடக்கும் இலைதழையை முடிந்தவரை வாரி வெளியே போடுங்கள். அது கிடக்கும் வரை ஊற்றுகிற குளோரினில் பெரும்பங்கை அதுதான் குடிக்கும். கையை விட்டுத் துழாவ வேண்டாம். பூல் ஓரத்தில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையின் மூடியைக் கம்பால் திறங்கள். தவளை கட்டாயம் இருக்கும், தவளை இருந்தால் தண்ணிப்பாம்பும் இருக்கலாம். பிறகு பிஎச் பாருங்கள். பாசி பிடித்த பூலில் பெரும்பாலும் 8-க்கு மேல் ஏறியிருக்கும். அங்கே குளோரினின் வேகம் குறைவு. ஹைட்ரோகுளோரிக் ஆசிடை அரை லிட்டர் ஊற்றி, பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து, இப்படி மெல்ல 7.2-க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் ஏற்றிய பிறகு பிஎச் டெஸ்ட் சரியாகக் காட்டாது, அதனால்தான் இது முதலில்.

பொழுது சாய்ந்ததும் குளோரின். எவ்வளவு என்பது சயனூரிக் ஆசிடைப் பொறுத்தது: அதன் அளவில் 40 சதவீதம். அது 30 என்றால் குளோரின் 12 பிபிஎம் வர வேண்டும். 40,000 லிட்டருக்கு 10 சதவீத லிக்விட் என்றால் ஒரு பிபிஎம் ஏற்ற 400 மில்லி; 12-க்கு ஏறத்தாழ 5 லிட்டர். தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயருகே, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு மெதுவாக ஊற்றுங்கள். உடனே சுவர், தரை, ஏணிக்குப் பின்பக்கம் எல்லாம் பிரஷ் போடுங்கள். பாசியின் மேல்தோல் வழவழப்புக் கிழிந்தால்தான் மருந்து உள்ளே போகும். பம்ப் ராத்திரி முழுக்க ஓடட்டும். வெயிலில் ஊற்றினால், குடை இல்லாத தண்ணீரில் பாதி குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும்.

காலையில் அளந்தால் குளோரின் சரிந்திருக்கும். மறுபடி 12-க்கு ஏற்றுங்கள். இதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஒரு நாள் ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தால், மிச்சப் பாசி மீண்டும் தழைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அளந்து அதே அளவில் பிடித்து வைக்க வேண்டும். எப்போது நிறுத்துவது? சூரியன் மறைந்ததும் ஒரு தடவை, விடிவதற்கு முன் ஒரு தடவை அளந்துபாருங்கள். வித்தியாசம் ஒரு பிபிஎம்முக்குள் இருந்து, தண்ணீரும் தெளிந்திருந்தால் வேலை முடிந்தது.

8. "பச்சை போயிடுச்சு, ஆனா மோர் மாதிரி ஆயிடுச்சே. கெட்டுப்போச்சா?"

நல்ல சேதி இது. செத்த பாசி வெளிறிப்போய்த் தண்ணீரில் மிதக்கிறது. பாசியைக் கொல்வது ஓரிரு நாள் வேலை, செத்ததை வெளியே எடுப்பதுதான் நாலைந்து நாள் இழுக்கும். இந்தக் கட்டத்தில் பயந்துபோய்க் கடைக்கு ஓடி, அவர் கொடுக்கும் மூன்று பாட்டில்களையும் ஊற்றாதீர்கள். ஃபில்டர் ஓடட்டும், குளோரினைப் பிடித்து வையுங்கள். மோர், நீர்மோர், பிறகு இளநீர் என்று தினம் ஒரு படி மாறும்.

9. "ஃபில்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கு அண்ணா. ஆனா குழாய்ல தண்ணி ஒழுகற மாதிரி வருது."

மணல் அடைத்துக்கொண்டது. ஃபில்டர் தலையில் இருக்கும் அழுத்த மானியைப் பாருங்கள். கழுவிய மணலில் 10 பிஎஸ்ஐ காட்டும் என்றால் 18, 20 வந்ததும் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை மணலுக்குள் தலைகீழாக விட்டு அழுக்கை வெளியே தள்ள வேண்டும். பச்சைப் பூலில் முதல் நாள் மூன்று தடவைகூட செய்ய நேரிடும். பம்பை நிறுத்திவிட்டுத்தான் ஃபில்டர் வால்வின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழியும், அப்புறம் எப்போதும் கழிவு போகும் வேஸ்ட் குழாயில் தண்ணீர் ஒழுகும். பேக்வாஷ் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை ஓடவிட்டு, கைப்பிடியை அரை நிமிஷம் ரின்ஸில் வைத்து, அதன்பின் ஃபில்டருக்குத் திருப்புங்கள்.

பேக்வாஷ் செய்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் மூடியைத் திறந்து மணலைத் தோண்டிப் பாருங்கள். ஒரு வீட்டில் மேலே நாலு அங்குலம் அடை மாதிரி இறுகியிருந்தது. கத்தியால் வெட்டித்தான் எடுத்தேன். ஐந்தாறு வருஷம் ஆன மணல் என்றால் மாற்றிவிடுவது நல்லது. ஆற்று மணலோ எம் சாண்டோ போடக் கூடாது, சலித்த சிலிக்கா மணல்தான்.

10. "பாட்டி காலத்துல குடத்துல தேத்தாங்கொட்டை உரசுவாங்க. அது இல்லேன்னா படிகாரம் போடலாமா?"

தேத்தாங்கொட்டை கலங்கலைப் படிய வைக்கும், உண்மைதான். குடத்துக்குச் சரி. 40,000 லிட்டருக்கு உரசி முடிப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். படிகாரம் செய்வதும் அதே வேலைதான்: நுண்ணிய தூசுகளை ஒன்றுசேர்த்துக் கட்டியாக்கி அடியில் இறக்கும். இரண்டுமே பாசியைக் கொல்லாது. உயிருள்ள பச்சைத் தண்ணீரில் படிகாரம் போட்டு, தெளிந்தது என்று சந்தோஷப்பட்டு, நாலாம் நாள் மறுபடி பச்சை என்று கூப்பிடுவார்கள்.

8-வது கேள்வியில் சொன்ன மோர் நிலைமை வந்த பிறகு, விருந்தாளி வருகிறார்கள், அவசரம் என்றால் போடலாம். ஆயிரம் லிட்டருக்கு 40 முதல் 50 கிராம், ஆக 40,000 லிட்டருக்கு 2 கிலோ அளவில், வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றி, வால்வை ரீசர்குலேட்டில் (மணல் வழியாகப் போகாமல் தண்ணீரைச் சுற்றவிடும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் ஓட்டி, பம்பை நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் தரையில் சாம்பல் நிறத்தில் பஞ்சு விரித்த மாதிரி படிந்திருக்கும். வால்வை வேஸ்டில் வைத்து, வேக்குவம் தலையை ஆமை வேகத்தில் நகர்த்தி உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் வழியாக விட்டால் மணல் பாழ். கால் வைத்தால் எல்லாம் எழும்பி மறுபடி முதலிலிருந்து. படிகாரம் பிஎச்சையும் இறக்கும், முடிந்ததும் அளந்து சரிசெய்யுங்கள்.

11. "மயில்துத்தம் போட்டா ஒரே நாள்ல ஓடிடும்னு எங்க மேஸ்திரி சொல்றாரு."

ஓடும். அதிலிருக்கும் தாமிரம் பாசிக்கு விஷம்தான். ஆனால் குளோரின் மாதிரி செலவாகித் தீர்ந்துபோகாது, தண்ணீரிலேயே தங்கும். ஒவ்வொரு வருஷமும் ஒரு கைப்பிடி என்று சேர்ந்து, ஒரு நாள் பிஎச் ஏறும்போது சுவரில் நீலப்பச்சைக் கறையாக இறங்கும். வெள்ளை டைல்ஸ் இடுக்கில் பிடித்தால் ஆயுசுக்கும் போகாது. பூலில் குளித்துத் தலைமுடி பச்சையாவதற்கும் காரணம் இந்தத் தாமிரம்தான், குளோரின் இல்லை. நரைத்த தலைக்குச் சாயம் போடாதவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் போடுவதில்லை.

12. "ஊத்திக்கிட்டே இருக்கேன், டெஸ்ட் பண்ணா ஜீரோ. தண்ணி குளோரினைக் குடிக்குதா?"

முதல் இரண்டு நாள் என்றால் ஆமாம், குடிக்கிறது. பச்சைப் பூலில் சாயங்காலம் ஏற்றிய 12 காலையில் ஒன்றுமில்லாமல் போவது சகஜம். அடியில் இன்னும் இலைச்சேறு கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் இதற்கு நேர் எதிரான காரணமும் ஒன்று உண்டு. டிபிடி கிட்டில் குளோரின் மிக அதிகமானால், வர வேண்டிய இளஞ்சிவப்பு நிறத்தையே அது வெளுத்துவிடும். சொட்டு விழுந்ததும் கண் இமைக்கும் நேரத்துக்குச் சிவந்து, உடனே வெள்ளையானால் அதுதான். ஜீரோ என்று நினைத்து மேலும் ஐந்து லிட்டர் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு பூல் தண்ணீரோடு நாலு பங்கு கேன் குடிநீர் கலந்து அளந்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

13. "குளோரின் 5 காட்டுது, பிஎச் சரியா இருக்கு, பிரஷ்ஷும் போட்டாச்சு. அப்பவும் பச்சை போகலையே?"

எத்தனை வருஷமாக மாத்திரை மட்டும் போடுகிறீர்கள் என்று கேட்பேன். 4-வதில் சொன்ன குடை அளவுக்கு மீறிப் பெரிதாகியிருக்கும். கணக்கு இதோ: 200 கிராம் மாத்திரை வாரத்துக்கு இரண்டு. 40,000 லிட்டரில் வாரம் 5 பிபிஎம்முக்கு மேல் சயனூரிக் ஆசிட் ஏறும். ஐந்து மாதத்தில் 100-ஐத் தாண்டும். குளோரின் ஆவியாகிப் போகும், இது போகாது. 100-ல் நிற்கும் தண்ணீரில் பாசியைக் கொல்ல 40 பிபிஎம் குளோரின் வேண்டும். ஒரே தடவைக்கு 16 லிட்டர் லிக்விட். நீங்கள் காட்டும் 5 அங்கே பெயருக்குத்தான்.

இதற்கு நம்பகமான வழி தண்ணீரை மாற்றுவதுதான், அதுவும் பகுதி பகுதியாக. 2-வது கேள்வியில் சொன்ன ஆபத்து இருப்பதால் ஒரே மூச்சில் இறைக்காமல், ஒரு அடி இறைத்து, ஒரு அடி நிரப்பி, மறுநாள் மறுபடி செய்யுங்கள். கோடையில் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது செய்வது இன்னும் நல்லது. டெஸ்ட் எளிது: தண்ணீரில் மருந்து கலந்தால் வெண்மையாகக் கலங்கும், குழாயின் அடியிலிருக்கும் கறுப்புப் புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும்.

14. "தண்ணி தெளிவா இருக்கு, அடியில கிடக்கிற காசு தெரியுது, ஆனா பச்சை. இதுவும் பாசியா?"

இல்லை. பாசி என்றால் கலங்கல் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிந்த பச்சை என்றால் உலோகம். போர் தண்ணீர் நிரப்பிக் குளோரின் ஊற்றியதும் பச்சையாகவோ டீத்தண்ணி மாதிரியோ மாறினால் இரும்பு. நீலம் கலந்த பச்சை என்றால் தாமிரம்; 11-ஐப் பாருங்கள். இதற்குக் குளோரினை மேலும் மேலும் ஊற்றினால் நிறம் இன்னும் கூடும். வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து அரை மூடி லிக்விட் குளோரின் விட்டுப் பாருங்கள். வாளி நிறம் மாறினால் குற்றவாளி போர்தான். இரும்பை ஃபில்டரிலோ படிகாரத்திலோ பிடித்து வெளியேற்றலாம். தாமிரத்துக்குத் தண்ணீர் மாற்றுவதே சுலபம்.

15. "பச்சை போயிடுச்சு. சுவர்ல மட்டும் கறுப்புப் புள்ளி, நிழல் பக்கம் மஞ்சள் தூசி."

மஞ்சள் தூசி, பிரஷ் பட்டதும் புகை மாதிரி எழும்பி அதே மூலையில் மறுபடி படிந்தால், அதுவும் பாசி வகைதான். குளோரினைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து, விளக்குக் கூண்டின் பின்பக்கம், ஏணிக்குழாய், பிரஷ், வலை, நீச்சலுடை எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். கறுப்புப் புள்ளி பிடிவாதக்காரன். சிமெண்டுக்குள் வேர் மாதிரி இறங்கியிருக்கும், மேலே கெட்டித் தோல் போர்த்தியிருக்கும். கான்கிரீட் சுவரானால் துருப்பிடிக்காத கம்பிப் பிரஷ்ஷால் தோலைச் சுரண்டிவிட்டுத்தான் குளோரின். டைல்ஸிலும் ஃபைபரிலும் கம்பிப் பிரஷ் கூடாது, நைலான்தான்.

16. "ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டா மருந்து வாசனையே இருக்காதாமே?"

2016 ரியோ ஒலிம்பிக்கில் இதைச் செய்து உலகமே பார்த்தது. மரியா லெங்க் நீச்சல் அரங்கில் டைவிங் பூல் ஒரே நாளில் கரும்பச்சையானது; பக்கத்திலிருந்த வாட்டர் போலோ பூலும் நிறம் மாறத் தொடங்கியது. தொடக்க விழா நாளில் ஒப்பந்தக்காரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார். அது குளோரினை முறித்துவிடும். மானியில் குளோரின் இருப்பதாகவே காட்டியது, வேலை செய்யக் குளோரின் இல்லை. கடைசியில் பெரிய பூலான அந்த வாட்டர் போலோ பூலின் தண்ணீரை முழுக்க வெளியேற்றி, பக்கத்துப் பயிற்சிப் பூலிலிருந்து நிரப்பித்தான் சிங்க்ரனைஸ்டு ஸ்விம்மிங் போட்டியை நடத்தினார்கள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

வாசனை விஷயம்: பூலில் மூக்கைத் துளைப்பது அதிகக் குளோரின் இல்லை. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து சக்கையான குளோரின் அது. சரியாக வைத்திருக்கும் பூல் அவ்வளவாக வாசனை அடிக்காது.

17. "பேரப் பசங்க வந்துட்டாங்க, அடம் பிடிக்கறாங்க. எப்ப இறக்கலாம்?"

ஆழமான முனையில் தரை வடிகால் மூடியின் ஓட்டைகளை மேலே நின்று எண்ண முடிகிறதா? முடியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. கிருமி இரண்டாவது பயம்தான். கலங்கிய தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. தெளிந்த பிறகும் குளோரின் 3, 4 பிபிஎம்முக்கு இறங்கும் வரை, பிஎச் சரியாகும் வரை பொறுங்கள். அதுவரை கதவுக்குப் பூட்டு. பச்சைத் தண்ணீரைப் புல்தரை என்று நினைத்து ஓடிய நாய்க்குட்டியை நானே வலை போட்டு எடுத்திருக்கிறேன்.

18. "பேக்வாஷ் தண்ணியைத் தென்னைக்கு விடலாமா?"

குளோரின் ஏற்றுவதற்கு முன் வரும் பச்சைத் தண்ணீர் தென்னைக்கு நல்ல உரம்தான். ஏற்றிய பிறகு வருவதை நேராகச் செடிக்கு விட வேண்டாம். திறந்த தொட்டியில் ஒன்றிரண்டு நாள் வெயிலில் விட்டு, டெஸ்ட்டில் ஜீரோ காட்டினதும் விடுங்கள். மீன் இருக்கும் குட்டைக்கோ ஏரிக்கோ விடவே கூடாது. உப்புக் குளோரினேட்டர் (உப்புத் தண்ணீரிலிருந்தே குளோரின் தயாரிக்கும் கருவி) வைத்த பூல் என்றால் தென்னை தாங்கும், மல்லிகையும் ரோஜாவும் தாங்காது.

19. "இப்போதைக்கு சுத்தம் பண்ண முடியலை. கப்பி மீன் விட்டு வெச்சா கொசு வராதில்ல?"

வராது. பம்ப் ரிப்பேர், காசு இல்லை, ஆள் இல்லை என்றால் அது நல்ல யோசனையே. குளோரின் அறவே இல்லாத தண்ணீரில்தான் மீன் பிழைக்கும், அதனால் சுத்தம் ஆரம்பிக்கும் முன் மீனைப் பிடித்து மாற்றுங்கள். நம் சூட்டில் கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் 2007-ல் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் வீடுகளை விட்டுப் போனபோது, கவனிப்பாரற்றுப் பச்சையான பூல்களில் கொசு பெருகியது. அந்தக் கோடையில் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் காய்ச்சல் 276 சதவீதம் ஏறியது. அங்கேயும் அதிகாரிகள் அந்தப் பூல்களில் கொசுத்தின்னி மீன்களைத்தான் விட்டார்கள்.

20. "நாங்க துபாய்ல இருக்கோம். அடுத்த மழைக்கும் இப்படி ஆகாம இருக்க என்ன பண்றது?"

வாட்ச்மேனுக்கு மூன்று வேலை கொடுங்கள். பம்ப் தினம் எட்டு மணி நேரம். மழை என்றாலும் நிறுத்தக் கூடாது. மின்சாரம் போய்வந்தால் டைமர் நேரம் பிசகிவிடும், அதைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் லிக்விட் குளோரின், 40,000 லிட்டருக்கு ஒரு லிட்டர். நல்ல மழை பெய்த நாளில் ஒன்றரை. வாரம் ஒரு முறை பிரஷ். மாத்திரையை வாட்ச்மேன் ஊருக்குப் போகும் சமயங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் 13-வது கேள்வி உங்களுக்கு வராது.

செய்கிறாரா என்று எப்படித் தெரியும் என்பார்கள். டெஸ்ட் குழாயை வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்து, பின்னால் பூலும் தெரிகிற மாதிரி தினமும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கானத்தூரில் ஒரு வாட்ச்மேன் அண்ணன் மூன்று வாரம் ஒரே போட்டோவைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த பல்லி அசையவே இல்லை என்று வீட்டம்மாதான் கண்டுபிடித்தார்.